வெள்ளையம்மாவுக்கு ஒரு ஹோல்

எங்கள் ஒழுங்கையில் நான்கு வீட்டுத் திறப்புகள் கேதீஸ்வரியின் சாவிக்கொத்தில் தொங்குகின்றன. அதில் ஒன்றுதான் அவள் குடியிருக்கும் வீட்டினுடையது. மற்ற மூன்றும் கனடாவுக்கும் சுவிசுக்கும் போனவர்கள் போகிற அவசரத்தில் அவள் கையில் வைத்துவிட்டுப் போனவை. போகிறவர்கள் திறப்போடு நிற்பதுமில்லை. தையல் மெசின், பழைய பிறிட்ஜ், ஆறு சூட்கேஸ், பிள்ளையின் தொட்டில், கலியாண அல்பம் என்று எல்லாவற்றையும் "வந்து எடுக்கிறம்" என்று சொல்லி அவளுடைய பின்னறையில் அடுக்கிவிட்டுத்தான் விமானம் ஏறுகிறார்கள். இதுவரை ஒருவரும் வந்து எடுத்ததில்லை. மாட்டேன் என்று சொல்ல வாய் வராதவர்களைக் கண்டால் எனக்குப் பத்திக்கொண்டு வரும். கேதீஸைக் கண்டால் இரட்டிப்பாக வரும், ஏனென்றால் அவளை எனக்குப் பிடிக்கும்.

நான் முப்பத்திரண்டு வருடம் கணக்குப் படிப்பித்துவிட்டு இளைப்பாறியவள். பெயர் சிவகௌரி, ஆனால் கோப்பாயில் இந்த ஒழுங்கைக்கு நான் வெறும் ரீச்சர். கேதீஸ் இருக்கும் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரு மதில்தான்.

அவளுக்கு வயது நாற்பத்து மூன்று. சந்தியில் உள்ள பாமசியில் காலை ஏழரை தொடக்கம் பின்னேரம் மூன்றரை வரை நின்றபடியே மருந்து எடுத்துக் கொடுப்பாள். வீட்டுக்கு வந்தாலும் ஓரிடத்தில் தரிக்கமாட்டாள். சோற்றுக் கோப்பையைக் கையில் பிடித்தபடி நடந்து நடந்துதான் சாப்பிடுவாள். பிறந்தது வசாவிளானில். எட்டு வயதில் இடம்பெயர்ந்தார்கள். முப்பது வருடம் கழித்து இராணுவம் காணியை விட்டபோது கிணறும் அத்திவாரமும்தான் மிஞ்சியிருந்தன. இடையில் பெரியப்பா வீடு, மாமா வீடு, வாடகை வீடு என்று யார் யாருடையதோ ஒரு மூலை. தகப்பன் செத்துப்போனார். தமையன் சுவிசுக்குப் போனான். படுக்கையில் விழுந்த தாயை ஒன்பது வருடம் பார்த்தாள். அந்த ஒன்பது வருடத்திலும் வந்த கலியாணப் பேச்சுகள் வாசலோடு திரும்பிப் போயின.

பதினொரு வருடத்துக்கு முன், சின்னம்மாவின் மகள் கோபிகா ரொறொன்ரோவில் இருந்தபடி இங்கே ஒரு வீடு கட்டுவித்தாள். தாயையும் கூட்டிக்கொண்டு கேதீஸ் அதற்குக் காவல் இருக்க வந்தாள். வாடகை இல்லை. பின்பக்கம் இரண்டு அறையும் குசினியும் அவளுக்கு. முன்பக்கத்தில் இருபத்தெட்டு அடிக்குப் பதினாறு அடிக் கூடம், எங்கள் பேச்சில் ஹோல், அதைச் சுற்றி மூன்று அறை, மேல்மாடி, எல்லாம் பூட்டு. வெள்ளிக்கிழமைகளில் கூட்டித் துடைக்க வேண்டும். தினமும் பின்னேரம் ஆறு மணிக்கு ஹோலைக் கடந்து போய்ச் சாமி அறையில் விளக்கு வைக்க வேண்டும். ஆள் இல்லாத வீடென்று இருண்டு கிடக்கக்கூடாதல்லவா? மூன்று வருடத்துக்கு முன் ஒழுங்கையில் ஒரு களவு போனதும் கோபிகா ஹோல் மூலையில் கமராவும் பூட்டுவித்தாள். அங்கே அப்போது காலை எட்டரை. வேலைக்கு வெளிக்கிட முன் போனைத் திறந்து, தன் வீட்டில் விளக்கு எரிவதைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் படியிறங்குவாள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து மூன்று கிழமை நிற்பார்கள். மற்ற நாட்களில் பொலித்தீன் உறை கழற்றாத சோபா மட்டும் அங்கே இருக்கும்.

முயல்களும் இப்படி விட்டுவிட்டுப் போன சாமான்களின் வரிசையில்தான் வந்தன. போன மார்கழியில் பாமசிக்கு மருந்து எடுக்க வரும் ஒரு குடும்பத்துக்கு விசா சரிவந்தது. கொடிகாமத்தில் இருக்கும் மாமா இரண்டு கிழமையில் வந்து எடுப்பார் என்று சொல்லி ஒரு கூட்டைக் கொண்டுவந்து இறக்கினார்கள். மாமா வரவில்லை. கேதீஸ் போன் எடுத்தபோது, எந்த முயல் என்று கேட்டாராம்.

இரண்டும் பெட்டை. மண்ணிறத்தில் இருந்ததற்கு ரொபி என்று பெயர் வைத்துத்தான் கொடுத்தார்கள். மற்றது முழு வெள்ளை. அதற்கு வெள்ளையம்மா என்று கேதீஸ் பெயர் வைத்தாள். கூடு கோழிக்குஞ்சு வளர்க்கிற கம்பிக்கூடு. மூன்று அடி நீளம், இரண்டு அடி அகலம், ஒன்றேகால் அடி உயரம். அடியிலும் கம்பிதான். சாப்பாட்டில் அவள் ஒரு குறையும் வைக்கவில்லை. சந்தையில் கழித்துப் போட்ட கரட் இலையைச் சைக்கிள் கூடை நிறையக் கொண்டுவருவாள், காலையில் அறுகம்புல் பிடுங்குவாள். ஆனாலும் அவை நிம்மதியாக இல்லை. விடியத் தொடங்கினால் ரொபி கம்பியைக் கடிக்கும். மதிலுக்கு இந்தப் பக்கம் தேத்தண்ணியோடு இருக்கிற எனக்குப் பல் கூசும்.

வைகாசிக் கடைசியில் வெள்ளையம்மா இலைக்கு எழும்பி வராமல் விட்டது. பின்னங்கால் இரண்டிலும் குதிப்பக்கம் மயிர் தேய்ந்து சிவந்திருந்தது. வெளியில் எடுத்து விட்டால் முன்னங்காலால் உடம்பை இழுத்துக்கொண்டு நகர்ந்தது. லீவு என்ற சொல்லையே அறியாதவள் அன்றைக்கு லீவு எடுத்தாள், கூட்டை ஓட்டோவில் ஏற்றினாள். நானும் ஏறிக்கொண்டேன். தனியே போனால் பாதியைச் சொல்லிவிட்டுப் பாதியை விழுங்கிவிடுவாள் என்று எனக்குத் தெரியும்.

அரச கால்நடை வைத்தியசாலையில் இருந்தவர் ஒரு இளம் பெண் டொக்டர். முயலைப் பார்த்ததைவிடக் கூட்டைத்தான் அதிக நேரம் பார்த்தார்.

"உங்களை ஒரு கட்டிலிலை இருத்தி, அதிலையே ஆறு மாசம் சாப்பிட்டு, அதிலையே படுங்கோ எண்டால் உங்கடை கால் என்னவாகும், அக்கா?"

கேதீஸ் தலைகுனிந்தாள். டொக்டர் நல்லவர், மேலே குத்தவில்லை. முயல் மூன்று துள்ளுத் துள்ளக் கூட்டில் இடம் வேண்டும், பின்காலில் எழும்பி நின்றால் காது முட்டக்கூடாது, கம்பிமேல் இருக்க விடவே கூடாது என்று சொன்னார். கூடு எவ்வளவு பெரிதென்றாலும் அது படுக்கத்தான். ஓடுவதற்கு வேறு இடம் வேண்டும். நாளைக்கு மூன்று நாலு மணித்தியாலமாவது, விடியவும் பின்னேரமும், ஏனென்றால் அந்த நேரத்தில்தான் அதற்குக் கால் சும்மா இருக்காது. மாபிள் தரை என்றால் வழுக்கும், ஏதாவது விரிக்க வேண்டும். வயர் கண்ணில் படக்கூடாது. இரண்டையும் பிரிக்கக்கூடாது. கடைசியாக ஒன்று சொன்னார்.

"இது வருத்தமில்லை, மருந்தும் இல்லை. இன்னும் ஒரு மாசம் இப்பிடியே கிடந்தால் பின்கால் போயிடும். ஓட விட்டால் தப்பும்."

திரும்பி வரும்போது நான் ஓட்டோவுக்குள் கணக்குப் பார்த்தேன். ஆறு சதுர அடி. அதற்குள் இரண்டு முயல், ஒரு தண்ணிக் கோப்பை. ஒன்றுக்கு மூன்று சதுர அடியும் தேறாது. இதை உரக்கச் சொன்னேன். கேதீஸ் கூட்டைப் பிடித்திருந்த கையை எடுக்காமல் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

வெளியே வளவுக்குள் விட்டால் என்ன என்று கேட்பீர்கள். அடுத்த காணியில் வெங்காயத்துக்குக் கிழமைக்கு இரண்டு தரம் மருந்து அடிக்கிறார்கள், காற்று அதை எங்கள் பக்கம்தான் கொண்டுவரும். வேலிக்குள் கீரி. மேலே காகம். பத்து மணிக்குப் பிறகு மண் கொதிக்கும். என் வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்றால் என்னிடம் இரண்டு நாய், அதில் ஒன்று கோழி பிடித்துப் பழகினது. திறப்பிருக்கும் மற்ற மூன்று வீடும் வருடக்கணக்காகப் பூட்டிக் கிடந்து பாம்பும் கறையானும் குடியேறியவை. மிஞ்சியது அவளுடைய பின்னறைகள். ஒன்றில் கட்டிலும் அலுமாரியும் தாயின் பெட்டிகளும், மற்றதில் போனவர்களின் சாமான். சூட்கேஸுகளை ஒன்றின்மேல் ஒன்றாக ஏற்றி, இரண்டு அடி அகலத்தில் ஒரு நடைபாதை எடுத்தாள். அரை மணித்தியாலத்தில் ரொபி பிறிட்ஜுக்குப் பின்னால் போய் மாட்டிக்கொண்டது. அதை வெளியில் எடுப்பதற்கிடையில் வெள்ளையம்மா கலியாண அல்பத்தின் ஒரு மூலையைத் தின்று முடித்தது. அந்த மணப்பெண்ணுக்கு இன்றுவரை விஷயம் தெரியாது.

அடுத்த நாள் மதிலால் எட்டிக் கேட்டேன். "ஒழுங்கு பண்ணியிட்டன், ரீச்சர்" என்றாள். எங்கே என்றேன். உள்ளேதான் என்று சொல்லிவிட்டு உடுப்புக் காயப்போட ஓடிவிட்டாள். கூட்டையும் மாற்றியிருந்தாள். ஒரு பழைய கட்டிலின் பலகைகளைக் கழற்றி நீளமாக ஒரு பெட்டி அடித்து, அடியில் வைக்கோல் போட்டிருந்தாள். அது படுக்க. ஓட எங்கே என்பதற்குத்தான் அவளிடமிருந்து பதில் வரவில்லை. எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது.

ஆனி பிறந்ததும் சோளகக் காற்று அடிக்கத் தொடங்கியது. கதவும் யன்னலும் தம்பாட்டில் அடித்துக்கொள்ளும். அந்தக் காற்றுக் காலத்தில் எனக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாது. எழும்பி யன்னலைச் சாத்துவேன், வந்து இருப்பேன், போனைப் பார்ப்பேன், திரும்ப எழும்புவேன். அப்படிப் போனைப் பார்த்த ஒரு பொழுதில்தான் அந்தக் கேள்வி வந்தது.

எங்கள் ஒழுங்கையில் பிறந்து உலகம் முழுக்கச் சிதறியவர்களுக்கு ஒரு வட்ஸ்அப் குழு இருக்கிறது. பிறந்தநாள் வாழ்த்தும் செத்தவீட்டுச் செய்தியும் அதில்தான். கோபிகா அதில் கேட்டிருந்தாள்: கோப்பாயில் தினமும் பின்னேரம் நாலு மணியிலிருந்து ஆறு மணிவரை கரண்ட் நிற்கிறதா? நான் முந்திரிக்கொட்டை மாதிரி முந்திக்கொண்டேன். இரண்டு கிழமையாக ஒரு நிமிடமும் நிற்கவில்லை, நேற்றுக்கூட நாலரைக்கு ஐந்து சீலை அயன் பண்ணினேன் என்று எழுதி, சிரிக்கிற முகம் ஒன்றும் போட்டு அனுப்பினேன். அந்தச் சிரிக்கிற முகத்தை நினைத்தால் இப்போதும் என் தலையில் நானே குட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

பத்து நிமிடத்தில் கோபிகா எனக்குத் தனியே போன் எடுத்தாள். இரண்டு கிழமையாகத் தினமும் சரியாக நாலு மணிக்குக் கமரா நின்றுவிடுகிறதாம், ஆறு மணிக்குத் திரும்ப வருகிறதாம். கேட்டால் கரண்ட் இல்லை என்று கேதீஸ் சொல்கிறாளாம். சொல்லிக்கொண்டு வந்தவள் குரலை இறக்கினாள்.

"அக்கா தனிய இருக்கிறா, ரீச்சர். ஆரும் வந்து போகினமோ தெரியேல்லை. என்ரை மனுசன் என்னைத்தான் பேசுறார். நீங்கள் ஒருக்கால் நாலரை போலை சொல்லாமல் போய்ப் பாருங்கோ."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது ஆவல்தான், மறைப்பானேன்? நாற்பத்து மூன்று வயதில் ஒருத்தன் வந்து போனால்தான் என்ன, நல்லாய் வரட்டும் என்று ஒரு மனம். அவன் யாரென்று தெரியாவிட்டால் தலை வெடித்துவிடும் என்று மற்ற மனம். அடுத்த நாள் புதன்கிழமை. மதியம் இரண்டு மணியிலிருந்தே எனக்குக் கால் தரையில் பாவவில்லை. சும்மா போக முடியாதே, நாலு வாய்ப்பன் சுட்டுத் தட்டில் வைத்தேன். நாலரைக்கு வெளிக்கிட்டேன்.

முன்கதவு பூட்டு. யன்னல்களும் பூட்டு. பின்பக்கமாகப் போய்க் குசினிக்குள் நுழைந்தேன். ஹோலுக்குப் போகும் கதவு கொஞ்சம் நீங்கியிருந்தது. உள்ளே தடதடவென்று யாரோ ஓடுகிற சத்தம் கேட்டது. தட்டோடு எட்டிப் பார்த்தேன்.

ஹோலின் வெள்ளைத் தரை தெரியவில்லை. சாக்கு, பழைய பாய், தாயின் நூல் சீலைகள், எல்லாவற்றையும் ஊசிநூலால் ஒன்றோடொன்று பொருத்திச் சுவரிலிருந்து சுவர்வரை விரித்திருந்தாள். சோபாவின் கால்களுக்குத் தடித்த மட்டை சுற்றியிருந்தது. வயர்கள் கழற்றி உயரத்தில் சுருட்டப்பட்டிருந்தன. ரொபி சோபாவைச் சுற்றிச் சுற்றி ஓடியது. வெள்ளையம்மா அதன் பின்னால் மூன்று துள்ளுத் துள்ளும், நின்று மூச்சு வாங்கும், பிறகு மூன்று துள்ளும். கால்கள் இழுபடவில்லை. கேதீஸ் குசினிக் கதவோரத்தில் சுவரோடு ஒட்டிக்கொண்டு, ஒரு கண் முயலிலும் ஒரு கண் கையிலிருந்த போன் மணியிலுமாக நின்றாள். என்னைக் கண்டதும் முகம் வெளிறியது.

"கதவைச் சாத்துங்கோ, ரீச்சர். வெளியிலை ஓடிப்போடும்."

அவ்வளவுதான் சொன்னாள். நான் உள்ளே வந்து கதவைச் சாத்தினேன். பிறகு ஒவ்வொன்றாக வெளியே வந்தது. மூன்று நாற்பதுக்குச் சைக்கிளில் வந்து இறங்குவாள். நாலு மணிக்கு ரவுட்டரின் செருகியைக் கழற்றுவாள், கமரா கண்ணை மூடும். விரிப்பை விரிப்பாள், முயல்களைக் கொண்டுவந்து விடுவாள். ஐந்தரைக்கு எல்லாவற்றையும் சுருட்டி, மயிர் ஒன்றுகூட இல்லாமல் கூட்டித் துடைத்து, மேல் கழுவி, ஆறு மணிக்குச் செருகியைப் போட்டுவிட்டு விளக்கோடு வருவாள். இரண்டு கிழமையாக ஒவ்வொரு நாளும் நெஞ்சு இடித்தபடி. ஒன்றரை மணித்தியாலம் போதாது, டொக்டர் சொன்னதில் பாதியும் இல்லை என்று அவளே சொன்னாள். விடியவும் விட ஆசைதான். அப்போது அங்கே முன்னிரவு, கோபிகா விழித்திருப்பாளே என்ற பயம்.

கோபிகாவிடம் வாய் திறந்து கேட்டிருக்கலாமே என்று நான் சினந்தேன்.

"கேட்டு, இல்லை எண்டு சொல்லிப்போட்டால்? பிறகு செய்ய ஏலாதெல்லோ. கேக்காட்டி, ஒருத்தரும் இல்லையெண்டு சொல்லேல்லைத்தானே."

குழுவில் நான் எழுதியதைச் சொன்னேன். கோபிகா என்ன சந்தேகப்படுகிறாள், நான் எதற்கு வந்திருக்கிறேன் என்பதையும் சொன்னேன். சொல்லச் சொல்ல என் காது சுட்டது. கேதீஸ் முதலில் விளங்காமல் பார்த்தாள். பிறகு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. சிரிப்பு நின்றதும் என் கையைப் பிடித்தாள்.

"ஆள் வாறதெண்டே நினைக்கட்டும், ரீச்சர். முயலெண்டு சொல்லிப்போடாதையுங்கோ."

அப்போது என் போன் அடித்தது. கோபிகாதான், வீடியோவில். நான் எடுக்கவில்லை. நின்று, திரும்ப அடித்தது. ரவுட்டர் எரிந்துவிட்டது, புதிது வாங்க வேண்டும் என்று சொல்கிறேன், இரண்டு மாதத்துக்கு ஓட்டலாம் என்று கேதீஸிடம் சொன்னேன். ஒரு பொய்யைப் பிடித்துக் கொடுத்தவள் இன்னொரு பொய்யைக் கட்டித் தருவதுதானே நியாயம். அவள் சரி என்றுதான் தலையாட்டினாள். நான் பச்சைப் பொத்தானில் விரலை வைக்கப்போன நேரம், வெள்ளையம்மா ஹோலின் அந்தத் தொங்கல் மூலையிலிருந்து ஓடி வந்தது. துள்ளவில்லை, ஓடியே வந்தது. நடுவில் எகிறி, ஆகாயத்தில் உடம்பை ஒரு திருப்புத் திருப்பி, பின்னங்கால் இரண்டையும் ஒருபக்கமாக உதறிவிட்டு விழுந்து, திரும்ப ஓடியது. சந்தோசம் தாங்காவிட்டால் முயல் இப்படிச் செய்யும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். நாங்கள் பார்த்தது அன்றைக்குத்தான்.

கேதீஸ் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண் நிறைந்துவிட்டது. பிறகு நேரே போய், உயரத்திலிருந்த செருகியை எடுத்துச் சுவரில் போட்டாள்.

"பாக்கட்டும். இனி இதை நான் நிப்பாட்டமாட்டன்."

கமராவில் பச்சை வெளிச்சம் வர ஒரு நிமிடம் எடுத்தது. அந்த ஒரு நிமிடத்தில் நான் ஹோலுக்குள் எத்தனை தரம் நடந்தேன் என்று தெரியாது. போன் நின்றது. பிறகு கேதீஸின் போன் அடித்தது. கோபிகா கத்தவில்லை, அழுதாள். அது கத்துவதைவிட மோசம். மலேசியாவிலிருந்து எடுப்பித்த சோபா, ஒவ்வொரு சதமாகச் சேர்த்துப் போட்ட மாபிள், இதைக் கண்டால் இவர் என்ன சொல்லுவார், அக்காவை நம்பித்தானே விட்டேன். எல்லாம் உண்மைதான். இரண்டு வேலை செய்து கட்டிய வீடு அது. அவள் பக்கத்திலும் நியாயம் இல்லையென்று நான் சொல்லமாட்டேன். ஞாயிற்றுக்கிழமைக்கு முன் முயல்கள் வீட்டைவிட்டுப் போய்விட வேண்டும் என்று முடித்தாள்.

கேதீஸ் பாமசியில் மருந்து முடிந்துவிட்டது என்று சொல்கிற அதே குரலில் பதில் சொன்னாள்.

"அப்ப ஞாயிறு நானும் வெளிக்கிடுறன், கோபி."

அதற்குப் பிறகு வந்த மூன்று நாளும் நான் பட்ட பாடு. கேதீஸ் ஹோலைக் கழுவித் துடைத்துப் பூட்டினாள். சொன்ன சொல்லை மீறமாட்டாள். முயல்களைப் பெட்டிக்குள் விட்டுவிட்டாள். நாலு மணிக்கு அவற்றுக்கு எப்படித் தெரியுமோ தெரியாது. சரியாக நாலு மணிக்கு ரொபி பலகையைக் கடிக்கத் தொடங்கும், வெள்ளையம்மா பின்காலால் நிலத்தில் அடிக்கும். டொக், டொக் என்று ஆறு மணிவரை. நான் மதிலுக்கு இந்தப் பக்கம் வானொலியைக் கூட்டி வைத்தேன், நாயை அதட்டினேன், கிணற்றடியில் போய் நின்றேன். எங்கே நின்றாலும் கேட்டது.

இணுவிலில் ஒரு வீடு வாடகைக்கு இருக்கிறதென்று சைக்கிளில் போய் வந்தாள். தனிப் பெண் என்றதும் வீட்டுக்காரர் யோசித்தாராம், முயல் என்றதும் கதவைச் சாத்தினாராம். அடுத்த நாள் வேறொரு இடம். அங்கே இருந்தது ஒரே அறை, அவளுடைய கட்டிலே கொள்ளாது. இருந்தாலும் முகவரியை எழுதிக்கொண்டு வந்திருந்தாள். அந்த அறைக்குள் முயல் எங்கே ஓடும் என்று கேட்க வாயெடுத்து அடக்கிக்கொண்டேன்.

வியாழக்கிழமை கோபிகா எனக்குப் போன் எடுத்தாள். திறப்பை நான் வாங்கி வைத்து, ஆறு மணிக்கு விளக்கை மட்டும் வைத்துவிட முடியுமா என்று கேட்டாள். முழங்கால் வருத்தம் என்று தொடங்கினேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"முழங்கால் வருத்தம் இருக்குத்தான், பிள்ளை. ஆனா அதாலை இல்லை. எனக்கு மனமில்லை. வேறை ஆக்களைப் பார்."

அவள் வேறு ஆட்களைப் பார்த்தாள். ஒழுங்கை முழுக்க ஒவ்வொரு வீடாகப் போன் எடுத்தாள். ஒருவரும் கேதீஸுக்காக மறுக்கவில்லை, அப்படிச் சொன்னால் பொய். வெள்ளிக்கு வெள்ளி அவ்வளவு பெரிய வீட்டைக் கூட்டித் துடைப்பது, மழைக்குக் கூரையில் ஏறி ஓடு பார்ப்பது, கறையான் பிடித்தால் மருந்து அடிப்பது, காய்ச்சல் என்றாலும் ஆறு மணிக்குக் குளித்துவிட்டு விளக்கு வைப்பது என்று பட்டியல் நீள நீள ஒவ்வொருவரும் நழுவினார்கள். ஒருத்தி முன்பக்கம் முழுவதையும் தந்தால் யோசிக்கலாம் என்றாளாம். பதினொரு வருடமாக இவ்வளவும் ஒருத்தி தனியே செய்தாள் என்பது கனடாவில் மட்டுமல்ல, இங்கே எங்களுக்கும் அப்போதுதான் உறைத்தது.

சனிக்கிழமை பின்னேரம் நான் சாமான் கட்ட உதவிக்குப் போயிருந்தேன். கட்ட அவளிடம் பெரிதாக ஒன்றும் இல்லை. இரண்டு பெட்டியும் தாயின் படமும்தான். போனவர்களின் சாமான்தான் அறையை அடைத்துக்கொண்டு கிடந்தது. அடுத்த அறையில் வெள்ளையம்மா நிலத்தில் அடித்துக்கொண்டிருந்தது. கேதீஸ் முழங்காலைப் பெட்டிமேல் ஊன்றிக் கயிற்றை இழுத்துப் பிடித்திருந்தபோது போன் அடித்தது. கை விட முடியாததால் என்னை ஸ்பீக்கரில் போடச் சொன்னாள்.

கோபிகாவின் குரல் இறங்கியிருந்தது. புருசனோடு கதைத்துவிட்டாளாம். முயல்களை அனுப்ப வேண்டாம், ஹோலிலேயே விடலாம், சோபாவுக்கு மட்டும் ஏதாவது மறைப்பு வைத்தால் போதும், கமராவை நிற்பாட்டினாலும் பரவாயில்லை என்றாள். இடைக்கிடை மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"அதுகள் விடியவும் ஓடட்டும், பின்னேரமும் ஓடட்டும். முழு ஹோலையும் எடுங்கோ. நீங்கள் மட்டும் போகாதையுங்கோ, அக்கா."

கேதீஸின் தோளைப் பிடித்து உலுப்பினேன். வெள்ளையம்மாவின் கால் தப்பிவிட்டது, வேறென்ன வேண்டும்? ஆனால் கேதீஸ் கயிற்றை விடவுமில்லை, இறுக்கவுமில்லை. பெட்டிமேல் ஊன்றிய முழங்காலோடு அப்படியே நின்றாள். இவள் சந்தோசத்தில் பேச்சு வராமல் நிற்கிறாள் என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்தால் சந்தோசமாகத் தெரியவில்லை. அக்கா, கேட்கிறதா என்று கோபிகா இரண்டு தரம் கேட்டுவிட்டாள்.

"கேக்குது, கோபி" என்றாள் கேதீஸ். பிறகு, அவள் வாயிலிருந்து நான் ஒருநாளும் கேட்டிராத மாதிரி, ஒன்று கேட்டாள்.

"அப்ப நானும் ஹோலுக்குள்ளை வந்து கொஞ்ச நேரம் இருக்கலாமோ? அந்தச் சோபாவிலை?"

தொடர்பு அறுந்துவிட்டதோ என்று திரையைப் பார்த்தேன், அறவில்லை, நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. நான் இந்த வீட்டுக்குப் பதினொரு வருடமாக வந்து போகிறவள். முயல் கூட்டை அடிக்கணக்கில் அளந்து ஓட்டோவுக்குள் சத்தமாகச் சொன்னவள். அவளுக்கு இருக்க இருந்த இடத்தின் கணக்கு மட்டும் என் கண்ணில் படவேயில்லை.

"என்னத்துக்கு அக்கா அதைக் கேக்கிறியள்?" கோபிகாவின் குரல் உடைந்தது. "நான் ஒருநாளும் வேண்டாம் எண்டு சொல்லேல்லையே."

"ஓம்" என்றாள் கேதீஸ். "வா எண்டும் நீ சொல்லேல்லை."